கோமாளிக்கு வேறு தலை

"சம்யுக்தா! கத்தியைக் கீழ வைம்மா!"

மாமியார் தயாவதி போட்ட சத்தத்தில், மருமகளின் கையிலிருந்த கட்டைவிரல் அளவுக் கோமாளி நழுவி விழுந்தது.

"பொம்மைதானே அத்தை? நாளைக்குப் போட்டி. மேசைமேல ஆடுற போர் விளையாட்டுக்கான குட்டிப் பொம்மையைக் கோரமா மாத்திக் காட்டணும். இந்தச் சிரிச்ச மூஞ்சியை வெட்டிட்டு, புட்டிங்கிற ஒட்டுக் களிமண்ணுல பேய்த் தலை செஞ்சு ஒட்டப்போறேன்."

"நம்ம ஜைனத்துல மாவுல செஞ்ச கோழியை வெட்டினாலும் அது கொலைப் பாவம்தான்மா. கோமாளின்னா மட்டும் விட்டுடுமா?"

கோமாளியையும் அந்தக் களிமண்ணையும் தயாவதி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போட்டி போச்சு என்ற வருத்தத்தோடு ஏனாத்தூர் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போன சம்யுக்தா, சாயங்காலம் திரும்பியபோது கோமாளி மேசைமேல் நின்றான். பழைய தலை அப்படியே சிரித்தது. தோளில் இன்னொரு தலை முளைத்திருந்தது. பிளந்த வாய், தொங்கும் நாக்கு, உப்பிய கன்னம்.

"அத்தை... நீங்களா?"

"வெட்டினாதான்மா பாவம். கூட ஒண்ணு வச்சா என்ன?"

மாமனார் ஜினகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா, என்னா கோரம்! எதைப் பார்த்து செஞ்சே?"

"மத்தியானம் நீங்க தூங்கிக்கினு இருந்தீங்களே," என்றார் தயாவதி, "அதைப் பார்த்துதான்."