கல்வாழைக்குத் தண்ணீர்

"உங்க வீட்டு அழுக்குத் தண்ணியெல்லாம் எங்க கொல்லையிலயா வந்து சேரணும்?"

சேதுராமன் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நஸீரா மட்டும் நிதானமாக, "பாக்கச் சொல்றேண்ணே" என்றாள்.

ராமநாதபுரத்தில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய, அவர் கொல்லை மூலையில் மட்டும் எந்நேரமும் சேறு. வைத்த மல்லிகை வேரோடு அழுகியது. கறிவேப்பிலை மஞ்சளாகிச் செத்தது. முருங்கை ஒருநாள், காற்றுகூட அடிக்காமல், தானாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"பாக்கச் சொல்றாளாம். அவ பாக்குறதுக்குள்ள நான் அங்கன நெல்லு நட்டு அறுத்துருவேன்" என்று மனைவி பூமயிலிடம் பொருமிவிட்டு, செடி விற்கும் தவசியிடம் போனார்.

"மண்ணோட எதுக்கு சார் மல்லுக்கட்டுறீங்க? கல்வாழை வையுங்க, சேம்பு வையுங்க. ஓரமா வல்லாரை. இதுகளுக்குக் கால் நனைஞ்சாத்தான் சோறு எறங்கும்."

இரண்டே மாதத்தில் சேம்பிலை ஒவ்வொன்றும் முறம் அகலம் வந்தது. கல்வாழை சிவப்பாக மொட்டு விட்டது. சேதுராமன் காலைக் காபியை அங்கேயே நின்று குடித்தார். நஸீராவை ஏசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு கல்யாணத்துக்காகத் தனியாக மதுரை போய்வந்தார். வந்த ஒரு வாரத்தில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. சேம்பு தலையைத் தொங்கப்போட்டது.

"ரெண்டு குடம் ஊத்தேன்."

"ஊத்துறேன். நீங்க குளிக்காம ஆபீஸ் போங்க" என்ற பூமயில், ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாள் மானத்தோடு போராடிவிட்டு, நாலாம் நாள் நஸீரா வீட்டுப் படியேறினார்.

"அது வந்து தங்கச்சி... அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். அந்தத் தண்ணிய மறுபடி எங்க பக்கமே விட்டீங்கன்னா, செடிக பொழச்சுக்கிரும்."

நஸீரா தயங்கினாள்.

"எங்க தண்ணி எப்பவும் தெருச் சாக்கடைக்குத்தாண்ணே போகுது. நீங்க ஏசுன மறுநாளே சுவரோரமாத் தோண்டிப் பாத்தோம். உடைஞ்சு கெடந்தது உங்க குளியலறைக் குழாய்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"தெருவே கேக்க எங்களைச் சொல்லிட்டீங்க. உங்க குழாய்தான்னு நாங்க சொன்னா, உங்களுக்குத்தானே தலைகுனிவு? அதான் நீங்க ஊருக்குப் போற வரைக்கும் பொறுத்திருந்து, மதினிகிட்ட மட்டும் சொல்லி, எங்க அண்ணன் மதாரை விட்டு அடைச்சோம்."