குப்பை வண்டியின் குரல்

வண்டி அவள் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு வந்தவள், கேட்டைத் திறக்காமல் அதன் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

"அன்பான குடியிருப்போர் கவனத்திற்கு. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே பிரித்துத் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். சுத்தம் நம் வாசலில் தொடங்கட்டும்."

அவள் குரல்தான்.

குப்பை வண்டியின் ஒலிபெருக்கியில் வந்தாலும் நல்ல குரல். ஒரு எழுத்து சிதையவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்குவது தெரியாமல் வாங்கிப் பேசியிருந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து, அதே பதிவில் அவள் கணவரின் குரல்.

"போதும் போதும். கொழம்பு அடிப்பிடிக்குது, போய்ப் பாரு. பெரிய ரேடியோ ஸ்டேஷன்னு நெனப்பு!"

மறுபடி முதலிலிருந்து. அன்பான குடியிருப்போர் கவனத்திற்கு. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு.

எதிர்வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

அவள் கணவர்தான் நகர் நலச்சங்கச் செயலாளர். வண்டிக்கு ஒரு அறிவிப்பு வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "நம்ம வீட்லயே ஆளிருக்கே" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்தார். அவளைக் கேட்கவில்லை. எதைக் கேட்டார், இதைக் கேட்பதற்கு? ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே செல்போனை நீட்டி, "சீக்கிரம் பேசு" என்றார்.

அவளும், அசடு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று பேசினாள்.

செல்போனில் குரல் பதிய, முகத்தை எதற்குத் துடைக்க வேண்டும்? நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது.

பதிவானதை அவர் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே வண்டிக்கு அனுப்பிவிட்டார். அவள் பேசுவதைக் கடைசிவரை கேட்கும் பழக்கம் அந்த மனிதருக்கு என்றைக்கு இருந்தது?

கல்யாணத்துக்கு முன்பு வானொலி அறிவிப்பாளருக்கான குரல் தேர்வில் தேறியவள் அவள். பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டார் எல்லாரும் "வேலைக்குத் தாராளமாப் போகட்டும்" என்று தலையை ஆட்டினார்கள். அப்புறம் மனை மலிவு என்று ஊருக்கு வெளியே இங்கே வந்து வீட்டைக் கட்டினார் அவர். நிலையத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். இங்கே முதல் பஸ்ஸே விடிந்த பிறகுதான். அவரிடம் பைக் இருந்தது. கொண்டுபோய் விடுங்களேன் என்று கேட்டாள்.

"அப்புறம் பாக்கலாம்" என்றார்.

மகள் பிறந்தாள், படித்தாள், பெங்களூருக்கு வேலைக்கும் போய்விட்டாள். அந்த அப்புறம் மட்டும் வரவில்லை.

வண்டி வாசலில் நின்றது. வேறு வழியில்லாமல் கேட்டைத் திறந்தாள். வண்டி ஓட்டும் காசியம்மா வாளிகளை வாங்கிக் கொட்டினாள்.

"கொரலு அப்படியே தேனுக்கா. சாருதான் கடைசில பூந்து கெடுத்துட்டாரு."

எதிர்வீட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் சிரித்தது யாரைப் பார்த்து என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மாலையில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பஸ் நிறுத்தத்தில், "சார், கொழம்பு என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். பால் வாங்கிய கடையிலும் அதே கேள்வி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடைசியை மட்டும் வெட்டத் தெரிந்தவர் சங்கத்தில் ஒருவரும் இல்லை. சங்கத் தலைவரோ, புதிதாகப் பேசித் தரும்வரை இதுவே ஓடட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவருக்கு என்ன, சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.

சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைக்குள் வந்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பருப்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பைத் தம் கையாலேயே அணைத்தார். அந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

செல்போனை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"இன்னொரு தடவ பேசிடு. நான் வாயே தொறக்கல."

பதிவு ஓடத் தொடங்கியது.

அந்த வீடு இவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து நின்றாள். நிறுத்தி, நிதானமாக, ஒரு எழுத்தும் சிதையாமல் சொன்னாள்.

"தொண்டை சரியில்லைங்க. அப்புறம் பாக்கலாம்."

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு அவள் வெளியே வந்து நின்றாள்.