காண்ட்ராக்டருக்காக வந்தவள்

“காண்ட்ராக்டர் வரலியா?” என்றார் கிளார்க்.

“அவர் வரமாட்டார். நம்பர் இருந்தா யார் வேணும்னாலும் லைசென்ஸைப் புதுப்பிக்கலாம்னாங்க.” உள்ளங்கையில் எழுதி வந்ததைக் காட்டினாள்.

“புதுப்பிக்கலாம்மா. இன்னியோட காலாவதியாகுது, அந்த மனுஷனுக்கு அக்கறையே இல்ல. நீங்க அலையுறீங்க. குடுத்து வச்சவருதான்!”

அவள் கட்டணத்தைக் கட்டினாள். லேமினேட் செய்த அட்டையை வாங்கிக்கொண்டு பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். அது புகார்ப் பிரிவு.

“இந்தக் காண்ட்ராக்டர் கட்டுன பால்கனி இடிஞ்சு விழுந்துதான் எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார்.”

“அவருக்கு லைசென்ஸ் இருக்காம்மா? காலாவதியாயிட்டா எங்களால எதுவும் பண்ண முடியாது.”

“தெரியும். அதுக்குத்தான் அவர் புதுப்பிக்காமலே இருந்தார்” என்றவள், இன்னும் சூடு ஆறாத அட்டையை ஜன்னலுக்குள் நீட்டினாள்.