நாலாம் மாடிக் கூடை

கயிற்றை இழுக்க இழுக்க, கீழே தெருவிலிருந்து கூடை பஞ்சுபோல ஏறி வந்தது. நாலாம் மாடி பால்கனியில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த புஸைனாவுக்குத் தன் கைகளையே நம்ப முடியவில்லை. மூன்று கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பை மொச்சை, எண்ணெய் பாட்டில் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. கடைசியில் மட்டும் கொஞ்சம் கனத்தது. கை சோர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! மருந்து கேட்டுருச்சு!" என்று வாய்விட்டுச் சொன்னாள். அதைக் காதில் வாங்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம்தான் ஆகிறது. வாரத்தில் ஒரே நாள், வெள்ளிக்கிழமை, நாலு மாத்திரை.

"தப்பித்தவறி தினமும் போட்டுடாதீங்க, உயிருக்கே ஆபத்து. வீட்ல ஞாபகப்படுத்த யார் இருக்கா?"

"காலண்டர் இருக்கு. எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"ஆயுசுக்கும் போடணும். பலன் தெரியவே ரெண்டு மூணு மாசம் ஆகும், பொறுமையா இருக்கணும்."

"ஆயுசுக்கும் கூட இருக்கேன்னு இந்த மாத்திரையாவது சொல்லுதே" என்று சிரித்தாள் புஸைனா. டாக்டர் சிரிக்கவில்லை.

அன்று மாலை குவைத்திலிருந்து மகள் ரேஹாம் பேசினாள்.

"கூடை ஏறுதுடி! நானே இழுத்தேன்!"

"ரெண்டாவது வாரத்துலயேவா? சும்மா என்னை ஏமாத்தாதீங்கம்மா."

"அல்லாஹ் மேல ஆணையா!"

"சரி, சந்தோஷம். ஆனா நாம பேசினது ஞாபகம் இருக்கட்டும். கூடையை இழுக்க முடியாத அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும்."

இந்தப் பேச்சுக்குத்தான் புஸைனா பயந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம், எண்பத்து நாலு படி. மூட்டு வீங்கிய நாளிலிருந்து அந்தக் கூடைதான் அவளுக்குக் கடைத்தெரு. குவைத்தில் ஒரு தடவை மூன்று மாதம் இருந்து பார்த்திருக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போக, பகல் முழுக்க ஏசி இரைச்சலும் அவளும்தான். அலெக்ஸாந்திரியாவிலும் தனிமைதான். ஆனாலும் இங்கே கீழேயிருந்து மளிகைக்கடை பத்ஹியாவது "ஹாஜ்ஜா!" என்று மரியாதையாகக் கூப்பிடுவான்.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிற வழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது. பார்த்தால் நேர்கீழே மூன்றாம் மாடி கவ்ஸரின் முகத்தில் விழிக்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால், பெருநாளுக்கு முதல் நாள், இவள் காயப்போட்ட துணியின் தண்ணீர் கவ்ஸர் துவைத்துப்போட்ட திரைச்சீலையில் சொட்டிவிட்டது. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்த சண்டை அது. அன்றிலிருந்து ஸலாம்கூடக் கிடையாது. படியில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் கூடை லேசாகத்தான் வந்தது. சட்டைப் பொத்தான் போடும்போதும் ஜாடி மூடியைத் திறக்கும்போதும் விரல்கள் பழையபடி மல்லுக்கு நின்றன. மருந்து முதலில் தோளுக்கு வந்திருக்கிறது, விரலுக்குப் பிறகு வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து கடை திறந்ததும் பத்ஹி குரல் கொடுத்தான். "ஹாஜ்ஜா! வச்சாச்சு, இழுங்க!"

இழுத்தாள். கூடை அசையவில்லை.

"என்னப்பா வச்சிருக்கே? கடையையே கட்டி அனுப்புறியா?"

"வழக்கமான சாமான்தான் ஹாஜ்ஜா!"

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு முழம் இழுத்தாள். மணிக்கட்டில் நெருப்பு வைத்தாற்போல வலித்தது. விரல்கள் தாமாகவே விரிந்துகொள்ள, கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. கீழே முட்டைகள் உடைகிற சத்தம் நாலாம் மாடிவரை கேட்டது.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மூன்று வாரம் ஆசை காட்டிவிட்டு இப்படிக் கழுத்தறுத்துவிட்டதே இந்த மாத்திரை என்று ஆற்றாமையாக வந்தது. அன்றைக்குப் போட வேண்டிய நாலையும் குப்பையில் வீசினாள். பிறகு குவைத்துக்குப் போன் போட்டாள்.

"ரேஹாம், டிக்கெட் எடுத்துடு. நான் வந்துடறேன்."

மகள் ஏதோ கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. எண்பத்து நாலு படி ஏறி, மிச்சமிருந்த சாமான்களோடு மூச்சு வாங்க நின்றிருந்தான் பத்ஹி.

"என்ன ஹாஜ்ஜா, கைல ரத்தம்?"

"கை போச்சுப்பா. மூணு வாரம் மருந்து நல்லாத்தான் கேட்டுது. இன்னைக்குக் கைவிட்டுருச்சு."

பத்ஹி தலையைச் சொறிந்தான். சாமான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. நேத்து அஸ்வான்லேருந்து அவங்க மகன் வந்து ஒரேயடியா கூட்டிட்டுப் போயிட்டாரு. வீடும் பூட்டியாச்சு. இனிமே சொன்னா என்ன..."

"யாரைப்பா சொல்றே?"

"கவ்ஸர் அம்மாவைத்தான் ஹாஜ்ஜா, மூணாம் மாடிவரைக்கும் உங்க கூடையை இத்தனை வாரமும் இழுத்துவிட்டது அவங்க கைதானே!"