ஷவருக்கு ஒரு கையெழுத்து

"ஒரு கையெழுத்துத்தானே கேட்டனான்? அவன்ர கிட்னியையே கேட்டனான்?"

பத்மநாதன் கவுன்சில் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் ஓங்கி அடித்தார். சொதி தளும்பியது.

மனோர் பார்க் வீட்டின் மேல்மாடிக் குளியலறையில் புது எலெக்ட்ரிக் ஷவரை அவரே பூட்டியிருந்தார். யூடியூபில் பார்த்து, இரண்டு சனி ஞாயிறில். அதற்கு உள்ளூராட்சிக் கவுன்சிலின் சோதனை வேண்டும், இல்லாவிட்டால் பதிவுபெற்ற எலெக்ட்ரீசியன் செய்து சான்றிதழ் தரவேண்டும். எங்கட ஆள் லதீசன் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? மனைவி கனகாம்பிகையின் ஒன்றுவிட்ட தம்பி, பதிவும் வைத்திருக்கிறான்.

ஆனால் லதீசன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

"நான் செய்யாத வேலைக்குக் கையெழுத்து வைக்க ஏலாது அத்தான். மூடியைக் கழட்டிப் பாக்கவாவது விடுங்கோ."

"என்னை நம்பேல்லையோ? வெளிய போடா!"

அடுத்த கிழமையே கடிதம் வந்துவிட்டது. தகவல் கிடைத்ததாம், சோதிக்க வருவார்களாம், அதுவரை ஷவரைத் தொடக்கூடாதாம்.

"வெள்ளிக்கிழமை மகள் விதுஷா கைக்குழந்தையோட வாறாள். பிள்ளை எங்க குளிக்கிறது? சொந்தக்காரனே காட்டிக் குடுத்திட்டானே!"

"விடுங்கோப்பா," என்றாள் கனகாம்பிகை.

விடுவாரா? அங்கேயே போன் போட்டார். லதீசன் மறுக்கவில்லை.

"ஓம் அத்தான், நான்தான் சொன்னனான்."

"இனி என்ர வாசல்படி மிதிக்காதை!"

திட்டிய சூட்டில் வழக்கத்தைவிட நாலு இடியப்பம் கூடவே உள்ளே போனது.

வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்தாள். ஷவரின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"இதில் யாராவது குளித்தீர்களா?"

"நான். ரெண்டு மூன்று தரம்."

"எர்த் வயர் பூட்டவே இல்லையே!"

அந்தப் பச்சை மஞ்சள் வயர் எட்டவில்லை என்று அவர்தான் மடித்து உள்ளே தள்ளியிருந்தார். ஷவர் வேலை செய்ததால் பிறகு அதை மறந்தும் போனார்.

அதிகாரி மெயினில் போய் அந்த லைனை நிறுத்திவிட்டுப் போனாள். பத்மநாதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பச்சைக் குழந்தை... போனை எடுத்தார்.

"ஆருக்கு அடிக்கிறியள்?"

"லதீசனுக்கு. மன்னிப்புக் கேக்கோணும். அவன் சொல்லாட்டி..."

கனகாம்பிகை போனை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவன் சொல்லேல்லை. கவுன்சிலுக்கு அடிச்சது நான். பழியை ஏற்கச் சொல்லி அவனைக் கெஞ்சினதும் நான்தான்."

"நீயோ? ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"என்னோட கோவமெண்டால் நீங்கள் நாள் கணக்கில சாப்பிடமாட்டியள். அவனோட எண்டால் நாலு இடியப்பம் கூடத்தானே சாப்பிட்டனீங்கள்!"