சனி, ஞாயிறு சிநேகிதன் வீட்டில்

ராணுவப் போலீஸ்காரர்கள் இருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது தையல்காரம்மா பட்டாளத்துச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உன் மகன் பட்டாளத்த விட்டு ஓடிட்டான். எங்க அவன்?” என்றார் மீசைக்காரர்.

“சண்டைக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. தொலைச்சிட்டு என்னைக் கேட்டா? மூத்தவனைத்தான் பெட்டியில குடுத்தீங்க. இவனையாவது முழுசாக் குடுங்க.”

மீசைக்காரரின் குரல் இறங்கியது. “லெட்டர் ஏதாவது வந்துச்சா?”

மிஷின் மேல் கிடந்த உறையை எடுத்து நீட்டினாள்.

“துறைமுகத்து முத்திரை, சார்,” என்றான் கூட வந்தவன்.

“படி. நீ அந்த மிஷினை நிறுத்தும்மா, காதை அடைக்குது.”

நிறுத்தினாள். அவன் படித்தான்.

‘அம்மா, சனி, ஞாயிறு சிநேகிதன் வீட்டில் இருந்தேன். ராஜ கவனிப்பு. கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். ராத்திரியெல்லாம் கடகடவென்று ஒரு சத்தம், அதுதான் தூங்க விடவில்லை.’

“துறைமுகத்து ரயிலடிப் பக்கம்தான் தங்கியிருக்கான். கிளம்பு,” என்றார் மீசைக்காரர்.

ஜீப் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றவள், கதவைத் தாழிட்டுவிட்டுப் பரணை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏண்டா, சிநேகிதன் வீடுன்னு கதை எழுதச் சொன்னா, என் மிஷின் சத்தத்தையா எழுதுவே?”

“தூங்க விட்டாத்தானேம்மா?” என்றது பரண்.

“சரி, அடுத்த வாரம் மாமா லாரி மலைப்பக்கம் போகுது. இந்தத் தடவை லெட்டரை அங்க தபால்ல போடச் சொல்றேன். மலை உச்சியில ஒரு சிநேகிதன் இருக்கான்னு எழுது. இவனுங்க ஏறி இறங்கட்டும்.”