பாவு முடியும் வரை

தறி ஓடிக்கொண்டிருந்தது. பழைய தறி தேடி வந்த ஜப்பான்காரர்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. தறி ஓட்டும் அவன் எழுதிக் கொடுத்த பட்டியலைத்தான் புரட்டினார்கள்.

எந்தப் பாகத்தை எந்த வருஷம் மாற்றினான் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தான். இருபத்தெட்டு வருஷத்துக் கணக்கு.

பொய் சொல்லத் தெரியாத மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

யுத்தத்துக்கு முன்பு ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த தறி. அதில் அசலாக மிஞ்சியது பதினொரு பாகங்கள். மற்றதெல்லாம் கோயமுத்தூரில் வார்த்தது.

அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்லக் கூட வந்த பெண் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னாள். இதை அவர்கள் நாட்டுப் பொறியியல் மரபுச் சின்னமாக அறிவிக்க முடியாதாம். பல்லடத்தில் இதே காலத்துத் தறி இன்னொன்று இருக்கிறதாம். நாற்பது வருஷமாக யாரும் கை வைக்கவில்லையாம். அதைத்தான் கொண்டுபோய்க் காட்சிக்கு வைப்பார்களாம்.

அந்தத் தறியை அவனுக்குத் தெரியும். அதன் மேல் கோழி அடையும்.

துரு ஏற விட்டவனுக்கு மாலை. எண்ணெய் போட்டு ஓட்டியவன் குற்றவாளி. நல்லா இருக்குதுடா உங்க நியாயம் என்று உள்ளுக்குள் பொருமினான்.

அதோடு விட்டார்களா? பல்லடத்துத் தறியில் சில பாகங்கள் காணோமாம். இதில் இருக்கும் பதினொன்றும் வேண்டுமாம்.

முதலாளி சென்னியப்பன் ஏற்கெனவே தலையாட்டியிருந்தார்.

“நீயே கழட்டிக் குடுத்துரு. வேற எவன் தொட்டாலும் ஒடைச்சுப் போடுவான்.”

ஜப்பான்காரர்கள் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கையைத் துணியில் துடைத்தான். தறியை நிறுத்தவில்லை.

“தறியில ஏத்துன பாவு நூலு ஓடித் தீரட்டுங்க. அப்புறம் கழட்டித் தர்றேனுங்க.”

அந்தப் பெண் அதைச் சொன்னதும் அவர்களுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொடங்கிய வேலையைப் பாதியில் விடாத மனிதர் என்றாராம் மூத்தவர். பாவு தீர்ந்ததும் தகவல் சொல்லும்படி, பெயர் அச்சடித்த அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

கார் போனது. முதலாளியும் சாப்பிடப் போனார்.

அவன் வெளியே வந்து மயிலாத்தாளுக்குப் போன் போட்டான். பாவு பிணைப்பவள். தறியில் இருக்கும் பாவின் நூல் முனைகளில் புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாக முடிந்து சேர்ப்பவள்.

“அக்கா, வெள்ளிக்கெழம வந்துருங்க. அடுத்த மாசமும் வாங்க, அதுக்கடுத்த மாசமும் வாங்க. இந்தத் தறியில மட்டும் பாவு தீரவே கூடாது.”